இடிக்கச் சொன்னது நான்

தம்பி,

வெள்ளிமலையில் பேருந்துக்காக நின்றுகொண்டிருந்தபோது நீ என்னை ஒரே ஒரு கேள்வி கேட்டாய். "உனக்கு அப்பவே தெரியுமாம்மா?" நான் "தெரியாதுடா" என்றேன். நீ தலையை ஆட்டிவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாய். கச்சிராயபாளையம் வந்து சேரும்வரை நாம் பேசவில்லை. கள்ளக்குறிச்சியில் இறங்கி வீட்டுப் பூட்டைத் திறந்தபோதும் பேசவில்லை. அதன்பிறகு பதினோரு நாளும் சாப்பிட வா, தண்ணீர் வந்துவிட்டது, மோட்டாரைப் போடு என்ற அளவில்தான் நம் பேச்சு நடக்கிறது. திங்கட்கிழமை நீ மலைக்குப் போகிறாய். ஒரு வருஷம் அங்கேயே தங்கி வீடு கட்டப்போகிறாய். அதற்குமுன் அந்தக் கேள்விக்குச் சரியான பதிலை உன் கையில் கொடுத்துவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். நேரில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முப்பது வருஷம் ஓவர்சியராக இருந்து அளவும் அறிக்கையும் எழுதிய கை இது, அதனால் எழுத்தில் கொஞ்சம் தைரியம் வருகிறது. இதை நீ மறைத்து வைக்க வேண்டாம். உன்னோடு வேலை செய்கிறவர்களுக்கும், இனிமேல் அடுத்தவர்களுக்கு வீடு வரையப்போகிற உன் வயசுப் பிள்ளைகளுக்கும் தாராளமாகப் படித்துக் காட்டு. ஊரின் பெயரை மட்டும் நான் எழுதவில்லை. அந்த ஊர்க்காரர்கள் வேண்டாம் என்றார்கள்.

என் பெருமையிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதுதான் என்னை அன்றைக்கு அந்தப் பள்ளிக்கூட வராந்தா வரைக்கும் கூட்டிக்கொண்டு போனது. சென்னையில் வேலையை விட்டுவிட்டு, உளுந்தூர்பேட்டையில் பேருந்து மாறும்போது என்னைக் கூப்பிட்டு, "வேலைய வுட்டுட்டேம்மா, வூட்டுக்கு வந்துகினு இருக்கேன்" என்று நீ சொன்னபோது நான் சரியாகப் பதில் சொல்லவில்லை. அடுக்குமாடிக்குப் படம் போடுகிறவன் மண் வீடு கட்டப்போகிறேன் என்கிறானே என்று ஆத்திரமாக இருந்தது. பக்கத்து வீட்டு நூருன்னிசா அக்காவிடம் நீ லீவில் வந்திருப்பதாகச் சொல்லிவைத்தேன். ஆறு மாதம் கழித்து, "இன்னா கம்பெனி அது, இவ்ளோ லீவு குடுக்கறாங்க, என் பையனையும் சேத்து வுடேன்" என்று அவள் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னேன். ஆனால் கல்வராயன் மலையில் ஏழைக் குடும்பங்களுக்கு வீடு வரைகிற வேலை உனக்குக் கிடைத்து, நீ அந்த ஊரின் பெயரைச் சொன்னதும் எனக்குள் ஏதோ நிமிர்ந்துகொண்டது. அது என் ஊர். உனக்கு ஆறு வயசாக இருக்கும்போது பதினோரு கான்கிரீட் வீடுகளை அங்கே நின்று கட்டி முடித்தவள் நான். பாதை சரியில்லாத காலம். வெள்ளிமலை வரைக்கும் பேருந்து, அதற்கு மேல் நடை. கம்பி எத்தனை, கலவை எப்படி என்று ஒவ்வொன்றையும் நானே பார்த்தேன். ஒரு மூட்டை சிமெண்ட்கூட வேறு பக்கம் போனதில்லை. என்னை யாரும் ஒரு சொல் சொல்ல முடியாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கோமுகி அணையைத் தாண்டும்போதுதான் உன்னிடம் அதைச் சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா? "அந்த ஊர்ல இருக்கிற தளம் போட்ட வூடு பூரா நான் கட்டினதுடா." நீ ஜன்னல் பக்கமிருந்து திரும்பி, "அப்ப உன் வூட்ட இடிச்சிட்டுத்தான் என் வூடு வருது" என்றாய். இருவரும் சிரித்தோம். இடிப்பது என்ற சொல் அன்றைக்கு நமக்கு அவ்வளவு லேசாக இருந்தது.

ஊருக்குள் நுழைந்ததும் முதல் அடி விழுந்தது. என் வரிசை அப்படியே நின்றது, ஆனால் ஒரு வீட்டிலும் ஆள் இல்லை. தளத்தின் அடியில் பூச்சு உதிர்ந்து, துருப்பிடித்த கம்பி வெளியே தெரிந்தது. முதல் வீட்டில் விறகு, இரண்டாவதில் ஆடு, மூன்றாவதில் கதவே இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் பின்னால், என் சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு, ஒரு மண் வீடு நின்றது. மேலே புல் வேய்ந்து, கூரை இடுப்பு உயரத்துக்கு இறங்கி, வாசலில் கோலம் போட்டு. மனிதர்கள் அங்கே இருந்தார்கள். ஊர்க்காரர் சடையனிடம், "இது இன்னாங்க, உள்ள ஆடு கட்டி இருக்கீங்க?" என்று கேட்டேன். நான் யார் என்று அவருக்குத் தெரியவில்லை. "ஆட்டுக்குத்தாங்க சரியா இருக்குது. மனுசன் படுக்க முடியல. வெயில்ல சட்டி மாரி காயுது. பனியில மேலேர்ந்து சொட்டுது. சாமைய வெச்சா பூஞ்ச புடிச்சிப் போவுது" என்றார். குறையாகக்கூடச் சொல்லவில்லை. மழை பெய்தால் நனையும் என்பதுபோலச் சொன்னார்.

நீ என்னைக் கையைப் பிடித்து ஒரு மண் வீட்டுக்குள் அழைத்துப்போனாய். குனிந்து உள்ளே போய் நிமிர்ந்தபோது உடம்பெல்லாம் குளிர்ந்தது. நடுவில் அடுப்பு. அடுப்புக்கு நேர் மேலே மூங்கில் பரண். பரணில் சாமையும் கேழ்வரகும். புகை பரணைத் தொட்டு, புல்லுக்குள் புகுந்து, மெதுவாக வெளியே போய்க்கொண்டிருந்தது. "புகை பட்டா தானியத்துல வண்டு வராதும்மா, மேல புல்லும் மக்காது. சுவரு பகல்ல சூட்ட உள்ள வுடாது, குளிர்ல சூட்ட வெளிய வுடாது. ஒரே அடுப்பு இத்தன வேல செய்யுது" என்று நீ விளக்கினாய். நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு உறைத்தது வேறு. என் பதினோரு வீடுகளும் கட்டி முடியும்வரை எத்தனையோ தடவை நான் அந்த ஊருக்குப் போயிருக்கிறேன். அப்போதும் இதேபோல மண் வீடுகள் இருந்தன. ஒரு தடவைகூட நான் ஒரு வீட்டுக்குள் குனிந்து போனதில்லை. வெளியே நின்றே அளந்தேன். வெளியே நின்றே "குடிசை" என்று எழுதினேன்.

பள்ளிக்கூட வராந்தாவில் ஊர் கூடியது. நீ படங்களைச் சுவரில் ஒட்டி, அட்டையில் செய்த சின்ன வீட்டை நடுவில் வைத்தாய். அதற்குக்கூட நிஜப் புல்லால் கூரை போட்டிருந்தாய். நீ பேசியது எனக்கு நன்றாகவே இருந்தது, தம்பி. கல் அடித்தளம், அந்த மண்ணிலேயே அழுத்திச் செய்த கட்டி, சுவரைத் தாண்டி அகலமாக இறங்கும் இறவாரம், அடுப்புக்கு மேலே பரண், அவர்கள் வீட்டை அவர்களுக்கே கொஞ்சம் உறுதியாகத் திருப்பிக் கொடுப்பதுபோல. ஒரு இளம்பெண் எழுந்து, "வாசப்படி ஒசரம் ஏங்க இவ்ளோ கம்மியா வெச்சிருக்கீங்க?" என்று கேட்டாள். "உங்க வீட்ல இருக்கிற அளவுதாங்க" என்றாய் நீ. "குனிஞ்சி குனிஞ்சி போறது எங்களுக்குப் புடிச்சிப்போச்சின்னு நெனச்சீங்களா? புல்லு கீழ தொங்குது, அதனால குனியறோம்." எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்துக்கொண்டே குறித்துக்கொண்டாய். அப்போதுதான் தூணோரம் உட்கார்ந்திருந்த காளியம்மா எழுந்தார். நாற்பத்தைந்து வயசு இருக்கும். ஒல்லியான உடம்பு, நிதானமான குரல். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"ஒண்ணு கேக்கறேங்க. இத கட்டறதுக்கு முன்ன எங்க வூட்ட இடிக்கச் சொல்லுவீங்களா?"

"ஆமாங்க. எடம் கம்மியா இருக்குது இல்லிங்களா. முன்னால இருக்கிற தளம் வீட்டையும் பின்னால இருக்கிற மண் வீட்டையும் எடுத்துட்டு நடுவுல கட்டறோம். முடியற வரைக்கும் தகரக் கொட்டா போட்டுக் குடுத்துடுவோம்."

"அப்ப வேணாங்க."

"ஏங்க?"

"ஒரு தபா இடிச்சிட்டோங்க. போதும்."

பிறகு அவர் சொன்னதை நீயும் கேட்டாய். ஆனாலும் நான் எழுதியாக வேண்டும். என் கையால் எழுதாவிட்டால் அது நடந்ததாக என் மனசு ஒத்துக்கொள்ளாது. ஆவணி மாதத்தில் ஓவர்சியரம்மா வந்து, சமமான இடம் உன் வீட்டுக்கு அடியில்தான் இருக்கிறது, வீட்டை எடுத்துவிட்டு அங்கேயே கடைக்கால் தோண்டு, இந்த மாதக் கடைசிக்குள் தோண்டி ஆபீசுக்குப் புகைப்படம் அனுப்பாவிட்டால் உன் வீடு வேறு ஊருக்குப் போய்விடும் என்று சொன்னாராம். அவரும் புருஷனும் இரண்டே நாளில் தங்கள் வீட்டைப் பிரித்தார்கள். பரணில் இருந்த சாமையைச் சாக்கில் கட்டினார்கள். கடைக்கால் தோண்டினார்கள். படம் எடுத்தார்கள். ஐப்பசியில் மலைப்பாதை சரிந்தது. சிமெண்ட் லாரி தை மாதம் வரைக்கும் மேலே ஏறவில்லை. இதேபோல வீட்டைப் பிரித்த மற்ற பத்துக் குடும்பமும் அண்ணன் வீடு, மாமனார் வீடு என்று ஒண்டிக்கொண்டார்கள். வேறு ஊரிலிருந்து பிழைக்க வந்த காளியம்மா குடும்பத்துக்கு அங்கே சொந்தம் இல்லை. தோண்டிய பள்ளத்துக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் தார்ப்பாயைக் கட்டிக்கொண்டு அந்த மழைக்காலம் முழுவதும் கிடந்தார்கள். சாக்கில் இருந்த சாமை நனைந்து முளைவிட்டது. கைக்குழந்தைக்கு ஒன்றேகால் வயசு. சளி கட்டி, மூச்சு இரைத்து, கார்த்திகையில் ஒரு நாள் காலை தூக்கிக்கொண்டு கீழே நடந்தார்கள். பாதி மலை இறங்குவதற்குள் குழந்தையின் மூச்சு அடங்கிவிட்டது.

"திரும்பி மேல வந்து தார்ப்பாயிலதாங்க வெச்சோம். வெக்கறதுக்கு வூடு இல்ல" என்றார் காளியம்மா.

நீ மெதுவாக, "அந்த ஓவர்சியர் யாருன்னு தெரியுங்களா?" என்று கேட்டாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். "வந்ததுலேர்ந்து பாத்துகினுதான் இருக்கேன். அந்த அம்மா இங்கதான் உக்காந்துகினு இருக்காங்க."

நீ திரும்பினாய். அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். காது அடைத்துக்கொண்டு, எல்லோருடைய வாயும் அசைவது மட்டும் தெரிந்தது. ஒரு அம்மாள் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தேன். நீ படங்களைச் சுவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சுருட்டினாய். அவ்வளவுதான் எனக்குத் தெரியும். எப்படி நடந்து பாதைக்கு வந்தேன் என்பதுகூட நினைவில்லை.

இனி நீ அறியாதது. இடிக்கச் சொல்லி எந்தத் தாளிலும் எழுதியிருக்கவில்லை. பயனாளியின் சொந்த இடத்தில் கட்ட வேண்டும் என்பதுதான் விதி. காளியம்மா வீட்டுக்குப் பின்னால் இடம் இருந்தது, பாறை கலந்த சரிவு. அங்கே கடைக்கால் தோண்ட பத்து நாளாவது ஆகும். வீட்டுக்கு அடியில் என்றால் இரண்டு நாள். பதினோரு கடைக்காலையும் ஒரே நடையில் பார்த்து, படம் எடுத்து, முடித்துவிட வேண்டும் என்று நினைத்தேன். உன் அப்பா அப்போது வெளியூரில் வேலையில் இருந்தார். நீ மூச்சு இழுப்பு வந்து நூருன்னிசா அக்கா வீட்டில் கிடந்தாய். சாயங்காலப் பேருந்தைப் பிடிக்க வேண்டும் என்ற அவசரம் என்னை அரித்துக்கொண்டிருந்தது. உன்னைக் காரணமாகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. நடந்ததைச் சொல்கிறேன். அவசரம் என்னுடையது. வீடு அவர்களுடையது.

இன்னொன்றையும் சொல்கிறேன், இதைத்தான் நான் விழுங்க முடியாமல் வைத்திருக்கிறேன். அதே வருஷம்தான் நாம் இந்த வீட்டைக் கட்டினோம். கட்டி முடிந்து, பால் காய்ச்சியும் ஆகிவிட்டது. ஆனாலும் நாம் இரண்டு மாதம் குடிவரவில்லை. இதே தெருவில் இருந்த வாடகை வீட்டிலேயே இருந்தோம். ஏன் என்று உன் அப்பா கேட்டபோது, "செவுரு இன்னும் ஈரமா இருக்குது, புள்ளைக்கு இழுப்பு ஜாஸ்தி ஆயிடும், காயட்டும்" என்றேன். ஓவர்சியருக்கு ஈரச் சுவர் குழந்தையின் நெஞ்சை என்ன செய்யும் என்று நன்றாகத் தெரிந்திருந்தது. மலையில் மண் பள்ளத்தின் ஓரத்தில், தார்ப்பாய்க்கு அடியில் படுத்திருந்த குழந்தையின் நெஞ்சு என் நினைவுக்கே வரவில்லை. ஐப்பசியில் பாதை சரிந்தது என்று எனக்குத் தகவல் வந்தது. சிமெண்ட் தாமதமாகும் என்று ஒரு வரி எழுதி அனுப்பினேன். வீட்டைப் பிரித்தவர்கள் எங்கே படுக்கிறார்கள் என்று ஒரு ஆளிடமும் கேட்கவில்லை.

ஊரிலிருந்து திரும்பிய மூன்றாம் நாள் அலமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய புகைப்படங்களை எடுத்தேன். வேலையில் எடுத்த படங்களில் ஒரு பிரதி எனக்கென்று வைத்துக்கொள்வேன், உனக்குத் தெரியும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளிலும் இரண்டு படம். கடைக்கால் தோண்டியபோது ஒன்று, வீடு முடிந்தபோது ஒன்று. காளியம்மாவின் தாளில் மேலே இருக்கிற படத்தில் அவர் பள்ளத்துக்கு முன்னால் நிற்கிறார், இடுப்பில் குழந்தை. கீழே இருக்கிற படத்தில் கதவுக்கு முன்னால் நிற்கிறார். இடுப்பில் ஒன்றும் இல்லை. ஆனால் இடது கை அதே மாதிரி வளைந்து, இடுப்புக்குப் பக்கத்தில் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இந்த இரண்டு படத்தையும் ஒரே தாளில், ஒன்றுக்குக் கீழ் ஒன்றாக, நான் பசை தடவி ஒட்டியிருக்கிறேன். கதவு எண் தெளிவாகத் தெரிகிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன். தரையில் உட்கார்ந்தவள் வெகுநேரம் எழவில்லை. நீ உள்ளே வந்து, "இன்னாம்மா தேடற?" என்றாய். "ஒண்ணும் இல்ல" என்றேன்.

ஏழாம் நாள் தியாகதுருகத்தில் உன் சித்தி வீட்டுக்கு என்று உன்னிடம் சொன்னேனே, நான் அங்கே போகவில்லை. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மலைக்குப் போனேன். காளியம்மா களத்தில் இருந்தார். என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தினார். தாளைக் கொடுத்தேன். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். மேல் படத்தைப் பார்த்தார். நான் அங்கே நிற்பதையே மறந்தவர்போல் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மருமகளைக் கூப்பிட்டார். "இங்க வா. இதுதான் மல்லிகா. அப்ப காது குத்தல." மருமகள் எட்டிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். காளியம்மா என் பக்கம் திரும்பாமலே, "எனக்கு மூஞ்சி மறந்துபோச்சிங்க. பெத்தவ இத எப்படி வெளிய சொல்றதுன்னு யாராண்டயும் சொல்லல" என்றார். அந்தக் குழந்தையை வேறு யாரும் படம் எடுத்ததில்லை. உலகத்தில் இருக்கிற ஒரே படம் என் அலமாரியில், துணிமணிக்கு அடியில் கிடந்திருக்கிறது.

நான் "என்ன மன்னிச்சிடும்மா" என்றேன். எனக்கே அது அற்பமாகக் கேட்டது. அவர் கீழ்ப் படத்தைக் காட்டினார்.

"இது எடுக்கும்போது நீங்க கேட்டீங்க. கொழந்த எங்கன்னு."

"கேட்டனா?"

"கேட்டீங்க. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள, சரி நேரா நில்லும்மா, வெயிலு போவுதுன்னீங்க."

அவர் சொன்ன நொடியில் என் குரல் எனக்கே கேட்டது, தம்பி. மறந்துபோயிருந்தது திரும்ப வந்ததா, இல்லை நானே ஒளித்து வைத்திருந்ததா, எனக்குத் தெரியவில்லை. பங்குனி வெயில், கேமராவைப் பிடித்துக்கொண்டிருந்த ஆள், காளியம்மா வாய் திறந்து மூடியது, எல்லாமே அப்படியே வந்து நின்றது. இதுதான் உன் கேள்விக்குப் பதில். குழந்தை இறந்தது எனக்குத் தெரியாது என்று நான் சொன்னது பொய் இல்லை. ஆனால் தெரிந்துகொள்ளும் வாய்ப்பு ஒரு கேள்வியாக என் வாய்க்கே வந்தது. கேள்வியைக் கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போனேன். ஆகையால் எனக்குத் தெரியும் என்றே எழுதிக்கொள். அப்போது அவரை நான் "ஏம்மா, இங்க வா" என்று கூப்பிட்டேன். இப்போது "அவர்" என்று எழுதுகிறேன். அதுகூட எனக்கு இத்தனை வருஷம் எடுத்திருக்கிறது.

பிறகு அவர் என்னை உட்காரச் சொன்னார். மன்னித்ததாக எண்ணிக்கொள்ளாதே, அப்படி ஒரு சொல் அவர் சொல்லவில்லை, நானும் மறுபடி கேட்கவில்லை. உன் வேலையைப் பற்றித்தான் பேசினார். "உங்க புள்ள முந்தாநேத்து வந்திருந்தாரு" என்றார். நீயும் என்னிடம் சொல்லாமல்தான் போய் வந்திருக்கிறாய். படத்தையே பிரிக்காமல், நீங்க சொல்லுங்க, நான் வரையறேன் என்று உட்கார்ந்தாயாம். புல்லு இப்போது காட்டில் கிடைப்பதில்லை, மூன்று வருஷத்துக்கு ஒருமுறை வேய ஆள் இல்லை, அதனால் மேலே ஓடு போடு, ஆனால் பரணும் புகையும் அப்படியே இருக்கட்டும் என்று சொன்னாராம். சாரல் மேற்கிலிருந்து அடிக்கும், நீ வாசலை மேற்கே வைத்திருந்தாய், கிழக்கே மாற்று என்றாராம். குளிக்க மறைவிடம் வேண்டும், அடுப்பு மேடையாக வேண்டும், வாசல் நிமிர்ந்து போகிற அளவு வேண்டும் என்று பெண்கள் சொன்னதை எல்லாம் நீ எழுதிக்கொண்டாயாம். "மண்ணு வூடுதான் வேணுங்க, ஆனா பழசு மாரியே வேணும்னு யாரு சொன்னது? எது நல்லா இருந்துச்சோ அத வெச்சிக்கினு, எது கஷ்டமோ அத மாத்துங்க" என்று அவர் சொன்னதைக் கேட்டபோது, பள்ளிக்கூட வராந்தாவில் நீ வைத்த அட்டை வீட்டை நினைத்துக்கொண்டேன். நான் அவர்கள் வீட்டுக்குள் போகாமலே அது மட்டமானது என்று எழுதினேன். நீ உள்ளே போய், அது அழகு என்று வரைந்தாய். உன்னுடையது என்னுடையதைவிட நூறு மடங்கு நல்லது. ஆனாலும் இரண்டு பேருமே, அங்கே படுத்து எழுகிறவர்களைக் கேட்பதற்கு முன்னால் தாளை எடுத்துவிட்டோம்.

கடைசியாக அவர் ஒரு நிபந்தனை போட்டார். தளம் போட்ட வீடுகளை மட்டும் இடிக்கலாம், புது வீடு அந்த இடத்தில் வரட்டும். அவர்கள் குடியிருக்கிற மண் வீட்டை ஒருவரும் தொடக் கூடாது. புது வீட்டில் ஒரு மழைக்காலம் இருந்து பார்த்த பிறகு, பழையதை வைப்பதா எடுப்பதா என்று அவரவர் முடிவு செய்வார்கள். "இத எழுதிக் குடுங்க" என்றார். பள்ளிக்கூடத்தில் ஒரு தாள் வாங்கி எழுதினேன். பதினோரு குடும்பத்தின் பெயரையும் எழுதினேன். வேலையிலிருந்து ஓய்வுபெற்றவளின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று அவரிடமே கேட்டேன். "அன்னிக்கி வாயால சொன்னீங்க, நாங்க இடிச்சோம். இன்னிக்கி எழுதறீங்க. உங்க புள்ளையும் போடட்டும்" என்றார். அந்தத் தாள் இந்தக் கடிதத்தோடு இருக்கிறது. என் பெயருக்குக் கீழே உனக்கு இடம் விட்டிருக்கிறேன். படிக்காமல் போடாதே.

உனக்கு அறிவுரை சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. ஆனால் தவறு செய்தவளுக்குத் தெரிந்த சில விஷயங்கள் நல்லவர்களுக்குத் தெரியாது, அதனால் சொல்கிறேன். உன் வேலையில் மண் எந்தப் பதம், ஓடு எந்தச் சரிவு என்பதெல்லாம் நீ எப்படியும் சரியாகச் செய்துவிடுவாய். ஒரு வீடு நின்றுகொண்டிருக்கும் நாளுக்கும் அடுத்த வீடு எழும் நாளுக்கும் நடுவே ஒரு காலம் இருக்கிறது. எந்த வரைபடத்திலும் அதற்கு இடம் கிடையாது. அந்தக் காலத்தில் யார் எங்கே படுக்கிறார்கள், அவர்கள் தானியம் எங்கே இருக்கிறது, அவர்கள் குழந்தைக்குச் சளி பிடித்தால் யார் வீட்டுக்குள் போவார்கள் என்று கேள். கேட்டுவிட்டு நில். பதில் வர நேரமாகும். வெயில் போனால் போகட்டும், படம் அடுத்த நாள் எடுத்துக்கொள்ளலாம். உனக்கு அவசரம் வருகிற நாளில் அது யாருடைய அவசரம் என்று பார். அந்த வருஷம் என் வேலைக்கு நல்ல பெயர் கிடைத்தது தம்பி, பதினோரு வீடும் குறையில்லாமல் முடிந்தது என்று எழுதிக் கொடுத்தார்கள். எந்தத் தப்பும் செய்யாமல் இவ்வளவு பெரிய தப்பைச் செய்ய முடியும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

நீ என்னோடு பேசாமல் இருப்பதில் எனக்கு வருத்தம் இல்லை. பேசியிருந்தால்தான் பயந்திருப்பேன். என்னை இங்கே விட்டுவிட்டுப் போவது பற்றியும் யோசிக்காதே. நூருன்னிசா அக்கா இருக்கிறாள், என் காலும் இன்னும் நடக்கிறது. மாதம் ஒரு நாள் நானும் மேலே வருகிறேன். ஓவர்சியராக இல்லை. கல் எடுத்துக் கொடுக்கவோ, சும்மா ஒரு ஓரத்தில் உட்காரவோ, அவர்கள் விட்டால்.

இன்று காலை, இதை எழுதிக்கொண்டிருந்தபோது, போன் அடித்தது. காளியம்மா. பேரனிடம் நம்பரை அழுத்தச் சொல்லிப் பேசினார். என்னை அவராகக் கூப்பிடுவது இதுதான் முதல் தடவை. நலம் விசாரிக்கவில்லை. தாளில் நீ கையெழுத்துப் போட்டாயா என்றும் கேட்கவில்லை.

"திங்கக்கெழம புள்ளைய அனுப்பறீங்க இல்லிங்களா? கம்பளி ரெண்டா எடுத்துக்கினு வரச் சொல்லுங்க. இங்க குளிரு ஜாஸ்தி, நெஞ்சுல கட்டிக்கும்."

சரிம்மா என்றேன். அவர் வைத்துவிட்டார். கடைத்தெருவுக்குப் போய் இரண்டு கம்பளி வாங்கி வந்தேன். உன் பெட்டியில் மேலாக இருக்கிறது.

அம்மா